நீங்கள் தோண்ட வேண்டாம்

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்தை நான் முடியவிடாமல் செய்துவிட்டேன். அன்றிலிருந்து என் மகள் நித்யா என்னோடு பேசுவதில்லை. "சாவி எங்கே", "பால் தீர்ந்துபோச்சு" என்பதைப் பேச்சு என்று சேர்த்தால் பேசுகிறாள்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் பொதுப் பணம் ஒதுக்குவார்கள். பூங்கா விளக்கு, பள்ளி லீவில் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போக விடுமுறை வண்டி, கிளப் கூரை என்று கேட்டு மனு வரும். எதற்கு எவ்வளவு என்று பிரிக்க அங்கேயே குடியிருக்கும் ஆட்கள் சிலரைக் கூப்பிட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைப்பார்கள். இந்தியர் சார்பில் ஒருத்தர் வேண்டும் என்று இந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறவள். கோபம் வந்தால் என் இங்கிலீஷ் காணாமல் போய்விடும். வார்த்தை எடுத்துக் கொடுக்க நித்யாவைக் கூட அழைத்துப் போனேன்.

வந்த மனுக்களில் ஒன்று மெலே என்ற டோங்கா தீவுக்காரியுடையது. அவளும் இன்னும் சில பெண்களும் ஒரு கார் ஷெட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஷிப்டுக்குப் போகும் துப்புரவுக்காரிகளின் பிள்ளைகள். தரை போட, ஹீட்டர் வைக்க, ஒரு கழிப்பறை கட்டப் பணம் கேட்டிருந்தார்கள். பட்டியலில் கடைசி இடம்; பணம் அங்கே வருமுன் தீர்ந்துவிடும். ஏன் என்று பார்த்தேன். மற்ற கட்டங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். மனுப்போட்டவர்கள் தங்கள் கையிலிருந்து போடும் பணமோ உழைப்போ எவ்வளவு என்று கேட்கும் "சொந்தப் பங்கு" கட்டத்தில் சைபர்.

பணத்தைக் கையாளும் அதிகாரி நல்ல பெண். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. "அவர்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் சொந்தப் பங்கு காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்" என்றாள், சிரித்த முகமாக.

எனக்குக் காது சுட்டது. காட்ட வேண்டாம் என்று சொன்னது நீ, சைபர் போட்டதும் நீயா என்று கேட்டேன். விதி அப்படி என்றாள். பட்டியல் முழுவதையும் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் பணம் வெளியே வரும். மாதக் கடைசிக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பொது நிதிக்குத் திரும்பிப் போய்விடும் என்றாள். இருக்கட்டும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். கிளப் கூரைக்காக வந்திருந்த கிழவர் நித்யா பக்கம் குனிந்து, உன் அம்மாவுக்கு விஷயம் புரிந்ததா என்று கேட்டார். நித்யா சிவந்துபோய், புரிந்தது என்றாள். கூட்டத்தை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப் போட்டார்கள். அதுதான் கடைசித் தவணை.

காரில் வரும்போது நித்யா சொன்னாள்: "நீ துணி வெளுக்கப் போயிட்டு வந்துடுவே. அங்கே இருந்தவங்க பிள்ளைங்களோட நான் ஸ்கூலுக்குப் போகணும்மா." இங்கிலீஷில் சொன்னாள். 

அந்த சைபரை நான் முன்னாலேயே பார்த்தவள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

ஆவடியிலிருந்து வெள்ளானூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். பெயர் எழுதப் போவதில்லை. நான் திட்டப்போகிற ஆட்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம்; இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

இரண்டு தெரு, ஓர் அம்மன் கோயில், ஓர் ஏரி. பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது, செத்துப்போன தம்பியின் பெண்டாட்டிக்குக் கொல்லைக் கோடியில் ஒரு துண்டு இடம் விடுவார்கள். அப்படி விட்ட துண்டுகளில் எழும்பிய குடிசைகள்தான் அந்தச் சந்து. ஊரில் அதற்கு முண்டச்சி சந்து என்று பெயர். எழுத எனக்குக் கூசவில்லை. சொன்னவர்களுக்கே கூசவில்லை.

என் அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பெயர் கன்னியம்மா. இரண்டு எருமை வைத்திருந்தாள். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பால் ஊற்றினோம். சைக்கிளில் கொண்டுபோவது என் வேலை. எங்கள் சந்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. நல்ல தண்ணீர் ஏரிக்கரைக் கிணற்றில் மட்டும். எருமைக்கும் சேர்த்து அம்மா குடம் சுமந்தாள். இடுப்பில் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பாள்.

ஊரில் எந்தப் பொது வேலையும் தலைக்கட்டுக் கணக்கில்தான் நடக்கும். கல்யாணமான ஆம்பிளை உள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு. மழைக்கு முன்னால் ஏரிக் கால்வாயைத் தூர் வார தலைக்கட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். ஏரியில் மீன் பிடித்தால் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. எங்கள் சந்து வீடுகள் தலைக்கட்டில் சேராது. பாவம், ஆம்பிளை இல்லாத வீடு, அவர்களை ஏன் வேலைக்குக் கூப்பிடுவது என்று விட்டுவிடுவார்கள். மீன் பிரித்து முடிந்ததும் மிஞ்சியதை ஒரு கூடையில் போட்டுச் சந்துக்கு அனுப்புவார்கள். தர்மம். "மீனு அங்கியே நின்னுடுது, முள்ளு மட்டும் நம்ம சந்து வரிக்கும் நடந்து வருது" என்பாள் அம்மா. ஆனாலும் குழம்பு வைப்பாள்.

3

எண்பதுகளின் நடுவில் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் உயரமாக டாங்கி கட்டினார்கள். அடுத்தது குழாய். குழாய்க்கும் இணைப்புக்கும் அரசாங்கப் பணம். பள்ளம் தோண்டுவது ஊராரின் பங்கு. மார்ச் முடிவதற்குள் வேலை முடிந்து ஓவர்சியர் அளந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

கோயிலில் ஊர்க் கூட்டம். ஆம்பிளைகள் மண்டபத்தில், பெண்கள் வெளியே மதில் ஓரமாக. கோயில் தர்மகர்த்தா ஏகாம்பரம், என் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். என் பெரியப்பா. அவரவர் வீட்டு முன்னால் அவரவர் தோண்ட வேண்டும் என்று முடிவானது. பிறகு பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சந்துல கீற பொம்பளைங்க தோண்ட வேணாம். அதுங்க கஷ்டம் நமக்குத் தெரியாதா? ஊரு பாத்துக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய மனசு என்று யாரோ சொன்னதுகூடக் காதில் விழுந்தது. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டாள்:

"ஊருன்னா யாரு மாமா? சந்துல தோண்டப் போற ஆளு பேரச் சொல்லுங்க."

பெரியப்பா மண்டபத் தூண் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா கன்னியம்மா, நல்லதுக்குச் சொன்னாலும் தப்பா?"

"தப்புன்னு சொல்லல. ஆளு இல்லாட்டி நானே தோண்டிக்கறேன்னு சொல்றேன்."

"எந் தம்பி பொண்டாட்டி கடப்பாரையப் புடிச்சிக்கினு நின்னா, நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வெளிய போவறது?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும்போது அந்த மூஞ்சி எங்கே போச்சு அண்ணாத்தே என்று முனகினான். சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். ஆள் பெயர் கடைசிவரை வரவில்லை.

அந்த வாரம் ஊரே தோண்டியது. பெரிய தெரு முழுக்கத் தொடை ஆழத்துக்குப் பள்ளம். அது திரும்பி இரண்டாம் தெருவுக்குப் போயிற்று. எங்கள் சந்து முனையைத் தொட்டுக்கொண்டேதான் போயிற்று. உள்ளே ஒரு சாண்கூட வரவில்லை. தோண்டாத இடத்தில் குழாய் வராது. தோண்ட வேண்டாம் என்று சொன்னதும் குழாய் வேண்டாம் என்று சொன்னதும் ஒன்றுதான் என்பதை ஊரில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மா சந்துப் பெண்களைக் கூப்பிட்டாள். கடப்பாரையை இரவல் வாங்கி நாங்களே தோண்டினோம். என் உள்ளங்கை கிழிந்தது. மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், பள்ளம் மூடிக் கிடக்கிறது. பெரியப்பா மகன்கள் மூடியிருந்தார்கள். மாடு கால் தவறி விழுந்துவிடுமாம்.

4

நான் யூனியன் ஆபீசுக்குப் போனேன். பால் கேனோடு அப்படியே போனேன். ஓவர்சியர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். சாப்பிட்டு வந்தவர் மீட்டிங் என்றார். மீட்டிங் முடிந்ததும், பெரிய ஆள் யாராவது வரட்டும் என்றார். எங்கள் வீட்டில் நான்தான் பெரிய ஆள் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஜைமேல் வரைபடத்தை விரித்தார்.

"இங்க பாரும்மா. நீ சந்துன்னு சொல்றது எங்க கணக்குல சந்தே இல்ல. கொல்லை. பட்டா உங்க பெரியப்பா பேர்ல இருக்கு. தனியார் எடத்துல அரசாங்கப் பைப்பு போவாது."

"அவரு பாதைய ஊருக்கு எழுதிக் குடுத்தா?"

"அன்னிக்கே போட்டுக் குடுக்கறேன். போயி எழுதி வாங்கிக்கினு வா."

சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அப்போதெல்லாம் தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் பக்கம் மனை தேடி வந்துகொண்டிருந்தார்கள். சந்து ஊர்ப் பாதையாகிவிட்டால் எங்கள் கொல்லைத் துண்டு தெருவைப் பார்த்த மனை ஆகிவிடும். நாளைக்கு விற்கலாம், கடன் வாங்கலாம், பெரியப்பா தயவில்லாமல் நிற்கலாம். ஒரு குழாயை உள்ளே விட்டால் அந்த மனையும் அவர் கையை விட்டுப் போய்விடும். அதற்குத்தான் அத்தனை இரக்கம்.

மூச்சு வாங்க வந்து அம்மாவிடம் சொன்னேன். எருமைக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்கு எப்பவோ தெரியும். நீ ஆபீசு வரிக்கும் போயி தெரிஞ்சிக்கினு வந்துகீற."

"அப்போ ஏம்மா சும்மா இருந்த?"

"சும்மா இருந்தேன்னு யாரு சொன்னது? அவுரு வாயாலயே வரட்டும்னு பாத்துக்கினு கீறேன்."

5

இங்கே என் நாள் விடியுமுன் தொடங்கும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, பச்சை அங்கி, துண்டு. பெரிய மெஷினுக்குள் தள்ளி வெளியே இழுப்பது. பக்கத்து மெஷினில் பிஜித் தீவிலிருந்து வந்த ஓர் இந்தியக்காரி. அவள் பேசும் இந்தி எனக்குப் புரியாது, என் இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. நன்றாகவே பேசிக்கொள்கிறோம்.

நித்யாவுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டாள். அம்மாச்சியோடு போனில் பேசு என்றால், "நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா" என்று இரண்டு கேள்வியோடு போனை என் கையில் திணித்துவிடுவாள். ஒரு முறை இந்தக் குழாய்க் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏன் போலீசுக்குப் போகலை?" என்றாள். இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். பெரியப்பா மேல் போலீசுக்குப் போவதா என்று எனக்குத் தோன்றியது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அதுதான்.

செவ்வாய்க் கூட்டத்துக்குப் பிறகு அந்த அதிகாரி இரண்டு முறை போன் செய்தாள். விடுமுறை வண்டிக்குப் பணம் வராவிட்டால் எத்தனை பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடப்பார்கள் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். என் குரல் உரக்க இருந்திருக்க வேண்டும். என் கணவர் செல்வம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரேடியோ மாதிரி கத்துற, மெதுவாப் பேசு" என்றார். அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். சண்டையைக்கூடத் தணிந்த குரலில் போடுகிற ஜாதி.

6

மார்ச் முடிய இரண்டு நாள் இருந்தது. குழாய் வந்து இறங்கிவிட்டது. பெரிய தெருவில் போட்டுக்கொண்டே வந்து, எங்கள் சந்து முனையில் இரண்டாம் தெருவுக்குத் திரும்பும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு வளைவுக் குழாயைப் பொருத்தினால்தான் மேலே போக முடியும். அம்மா பால் கறந்து என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பாலைக் கொண்டுபோகவில்லை. நானும் இறங்கினேன். சந்தில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

குழாய் போடுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். வெயில் ஏற ஏற சிரிப்பு நின்றது. ஊர் கூடிவிட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம் இருக்கிறது. எங்களில் தம்பி பெண்டாட்டியை அண்ணன் தொடக் கூடாது, நிழல் மேலே படுகிற தூரத்தில்கூட நிற்க மாட்டார்கள். அந்த ஊரில் பாதி ஆம்பிளைகள் அம்மாவுக்கு அந்த முறை. மீதிப் பேர், அடுத்தவன் வீட்டு விதவையைக் கையைப் பிடித்து இழுத்தான் என்ற பேச்சு வருமே என்று பயந்தார்கள். எங்களைத் தலைக்கட்டில் சேர்க்காமல் தள்ளி வைத்த அதே வழக்கம், அன்றைக்கு எங்களைத் தொடவிடாமல் செய்தது. அம்மா இதை முன்கூட்டியே யோசித்துத்தான் இறங்கினாளா என்று பிற்பாடு கேட்டேன். எருமைக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள்.

பெரியம்மா வந்தாள். அவள் தொடலாம். விளிம்பில் நின்று கையை நீட்டினாள். அம்மா அவள் கண்ணையே பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். வாயை மட்டும் விட்டாள்.

"ஊரே தண்ணி இல்லாம சாவட்டும், ஒனுக்கு மட்டும் ஊட்டு வாசல்ல கொழா வரணுமாடி?"

"ஒன் ஊட்டு வாசல்ல வருது இல்லக்கா? அது மட்டும் நாயமா?"

ஓவர்சியர் கெஞ்சினார். போலீஸ் என்று மிரட்டினார். பிறகு பெரியப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்த பெரியப்பா ஓர் ஏற்பாடு சொன்னார். சந்து முனையில், அவருடைய மாட்டுக் கொட்டகைக்குள் சுவர் ஓரமாக ஒரு குழாய் வைத்துக்கொள்ளலாம். சந்துக்காரிகள் அங்கே வந்து பிடித்துக்கொள்ளட்டும். பாதையை எழுதித் தர வேண்டியதில்லை. கூட்டத்துக்கு உயிர் வந்தது. எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு அது போதும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். கால் மரத்துவிட்டது. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. எதிரே நிற்பவர்கள் எல்லோரும் நான் அக்கா, அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அம்மாவின் முந்தானையை மெல்ல இழுத்தேன்.

அம்மா பெரியப்பாவைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டி முடிச்சப்புறம் நான் கொடத்த வெக்கணும். என்னிக்காவது ஒங்களுக்குக் கோவம் வந்தா கதவச் சாத்திக்கலாம். அது கவுர்மெண்டு கொழா இல்ல மாமா, ஒங்க கொழா. எனுக்கு வாணாம்."

"அப்ப இன்னாதான் வோணும் ஒனுக்கு?"

"பாத. சந்து ஊருக்குப் பொதுன்னு எய்திக் குடுங்க. கொழா தானா வரும்."

அத்தனை பேர் முன்னால் அது வெளியே வந்துவிட்டது. பெரியப்பா முகம் கறுத்தது. "செத்தாலும் எய்தித் தர மாட்டேன்" என்றார். இத்தனை நாள் ஊர் பாத்துக்கும் என்று சொன்ன அதே வாய்.

அன்று பொழுது சாயும்வரை நின்றோம். மறுநாளும் நின்றோம். தகராறு உள்ள வேலை என்று எழுதிக்கொண்டு ஓவர்சியர் போய்விட்டார். பணம் திரும்பிப் போனது. மிச்சக் குழாயை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது ஊரே வாசலில் நின்று பார்த்தது. இணைப்பு முடியாததால் பெரிய தெருவுக்கும் தண்ணீர் வரவில்லை. டாங்கி காலியாக நின்றது.

7

அதற்குப் பிறகு ஊர் எங்களைச் சும்மா விடவில்லை. அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஏரிக்கரைக் கிணற்றில் அம்மா போய் நின்றால், எல்லோரும் இழுத்து முடிக்கும்வரை அவளுக்குக் கயிறு வராது. பின்னால் வந்தவர்களும் முன்னால் போவார்கள். அம்மா குடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். ஊருக்குள் யாரும் பால் வாங்கவில்லை. குடியிருப்புக்காரர்கள் வாங்கியதால் பிழைத்தோம். அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சண்டை தெரியாது. தர்மபுரி, திருநெல்வேலி, திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். பாலில் தண்ணீர் இல்லாமல் இருந்தால் போதும்.

எனக்கு வந்துகொண்டிருந்த சம்பந்தங்கள் நின்றுபோயின. பள்ளத்தில் நின்றவள் மகள் என்று சுற்றுவட்டாரத்தில் பேர். கடைசியில் நான் பால் ஊற்றிய வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொண்டேன். தொழிற்சாலையில் இரும்பு உருப்படிகளுக்கு அச்சு செய்யும் பிரிவில் வேலை. வெளிநாட்டில் அந்தக் கைவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் மனுப்போட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தோம். நான் வெளிநாட்டு மோகத்தில் வந்தவள் இல்லை. ஊரில் எனக்கு இடம் இல்லாமல் போனதால் வந்தவள். வெளிநாட்டுக்காரி என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

அம்மா செய்தது சரியா என்று வருடக்கணக்காக எனக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறேன். இரண்டாம் தெருவில் அப்போதுதான் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்தாள். அவளும் அந்தக் கோடை முழுக்க ஏரிக்கரைக்கு நடந்தாள். அவள் என்ன பாவம் செய்தாள்? 

சில வருடம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பிறகு, திரும்பவும் பணம் வந்தது. அம்மாதான் சொன்னாள். கோயிலில் கூட்டம் போட்டார்கள். பெரியப்பா பேச வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் தெரு ஆம்பிளைகள் குறுக்கே விழுந்தார்கள். "மொதல்ல கன்னியம்மாவக் கேட்டாச்சா?" அன்பில் கேட்கவில்லை. கேட்காமல் ஆரம்பித்தால் மறுபடியும் பள்ளத்தில் நின்றுவிடுவாள் என்ற பயத்தில் கேட்டார்கள். ஆள் அனுப்பினார்கள். அம்மா அதையேதான் சொன்னாள்: பாதை. ஊரே பெரியப்பாவைப் பிடித்து நெருக்கியது. எழுதிக் கொடுத்தார். சந்துக்குள் குழாய் வந்தது. பள்ளத்தை அம்மாவே தோண்டினாள். பெரியப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

ரோடு போட்டாலும் விளக்குப் போட்டாலும், எங்கள் ஊரில் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் கிண்டலாகவாவது கேட்டுவிடுகிறார்களாம், கன்னியம்மாவக் கேட்டாச்சா என்று.

8

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டெலிபோன் பூத் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். கூட்டத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீ பள்ளத்தில் நின்ற மாதிரி நானும் நின்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். 

"அந்தப் பொம்பளைங்களக் கேட்டியா?"

"எதைம்மா?"

"பணம் திரும்பிப் போனாலும் பரவாயில்லியான்னு."

கேட்கவில்லை. மெலேயின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

"நான் எங் கொழாய்க்கு நின்னேன். அடியும் என் மேலதான் வுழுந்துது. நீ யார் ஊட்டுக் கொழாய்க்கு நின்னுக்கினு கீற?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயத்துக்கு நிற்பதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா என்று கத்தினேன். பூத்துக்காரன் கடையைச் சாத்தக் காத்திருக்கிறான், வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அந்தக் கார் ஷெட்டைத் தேடிப் போனேன். சிமெண்டுத் தரையில் பழைய கம்பளம், மேலே பிள்ளைகள். மெலே என்னைவிட ஒரு தலை உயரம். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. விடுமுறை வண்டியில் அவளுடைய பெரிய பிள்ளைகள் இரண்டும் போகின்றனவாம். வண்டி வராமல் போகலாம், ஓர் இந்தியப் பெண்மணி தடுத்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்களுக்காகவா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். சைபர் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. சுற்றிலும் கையைக் காட்டினாள். இந்தச் சுவருக்கு வர்ணம் அடித்தது நாங்கள். இந்த அலமாரி என் தம்பி செய்தது. வாராவாரம் சமைத்து விற்றுப் பால் பவுடர் வாங்குகிறோம். இது பங்கு இல்லையா? காட்ட வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னபோது, கணக்கில் வராது என்று சொல்கிறாள் என எங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் மேலும் கோபம், என் மேலும் கோபம். குரல் ஏறியதில் தோளில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

"பணம் திரும்பிப் போனாலும் பரவாயில்லையா?" கேட்டேவிட்டேன்.

மெலே உள்ளே திரும்பித் தன் பாஷையில் ஏதோ கேட்டாள். அடுப்பருகே இருந்த இரண்டு பெண்கள் பதில் சொன்னார்கள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் சண்டை மாதிரி பேசினார்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு நாங்கள் வருகிறோம். நீ பேச வேண்டாம். நாங்கள் பேசுகிறோம்."

சரி என்றேன். காரில் இடம் இருக்கிறது, நானே வந்து அழைத்துப் போகிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றாள் மெலே. "எங்களுக்கு வழி தெரியும்."